இரவல் குறிகள்

சினூக் சால்மன் எந்த ஆற்றில் பிறந்தது என்று கண்டுபிடிக்க அமெரிக்க, கனடிய ஆய்வகங்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட மரபணுக் குறிகள் 13. அவற்றின் பெயர்களைப் பார்த்தாலே எங்கிருந்து வந்தவை என்று தெரிந்துவிடும். 'ஓடிஎஸ்' என்று தொடங்கும் 8 குறிகள் சினூக்கிலேயே கண்டெடுத்தவை. ஆங்கோரிங்கஸ் ஷாவிட்ஷா என்ற அதன் அறிவியல் பெயரின் சுருக்கம் அது. மீதி 5 குறிகளும் வேறு மீன்களுடையவை. ஓஜிஓ 2, ஓஜிஓ 4 இரண்டும் இளஞ்சிவப்பு சால்மனில் கிடைத்தவை. ஓகேஐ 100 கோஹோ சால்மனுடையது. ஓஎம்எம் 1080 வானவில் ட்ரவுட்டிலிருந்து வந்தது. அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் கட்டி வெள்ளையர்கள் நீலகிரி ஓடைகளில் பெருக்கிய ட்ரவுட்டும் இதுதான். எஸ்எஸ்ஏ 408 இன்னும் தொலைவுச் சொந்தம்: அட்லாண்டிக் சால்மன். வேறு பெருங்கடல், வேறு பேரினம்.

ஆக, உலகில் மிக அதிகம் ஆராயப்பட்ட மீன்களில் ஒன்றான சினூக்குக்கே ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு குறிகள் இரவல். மீன் மரபியலில் இது விதிவிலக்கு அன்று, நாள்தோறும் நடப்பது. ஒரு மீனுக்காகச் செய்த குறியை அதன் உறவு மீனில் போட்டுப் பார்ப்பார்கள். வேலை செய்தால் வைத்துக்கொள்வார்கள். அப்படிக் கடன் வாங்கிய குறி எந்தக் கேள்விக்கு உண்மை சொல்லும், எந்தக் கேள்விக்குப் பொய் சொல்லும் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. ஆய்வேடுகளில் முறையியல் பகுதியின் ஓர் ஓரத்தில் ஒற்றை வரியாகக் கடந்துபோகும் இந்த விஷயத்தின் மேல்தான் பல முடிவுகள் நிற்கின்றன.

சினூக்குக்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? அது ஆற்றில் பொரிந்து, கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். கடலில் இருக்கும் காலத்தில் எல்லா ஆற்று மீன்களும் கலந்து மேய்கின்றன. தென்கிழக்கு அலாஸ்காவில் தூண்டிலில் ஏறும் சினூக் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்ததாக இருக்கலாம், வாஷிங்டனிலோ ஓரிகனிலோ பிறந்ததாகவும் இருக்கலாம். யார் யாருடைய மீனை எவ்வளவு பிடிக்கிறார்கள் என்ற நெடுநாள் சண்டையின் விளைவுதான் 1985இல் இரு நாடுகளும் செய்துகொண்ட பசிபிக் சால்மன் உடன்படிக்கை. கொலம்பியா ஆற்றின் கிளையான ஸ்நேக் ஆற்றுச் சினூக் 1992இல் அமெரிக்காவின் அழிவு அபாயப் பட்டியலில் சேர்ந்த பிறகு இன்னொரு நெருக்கடி வந்தது. கடலில் வளமான ஆறுகளின் மீனைப் பிடிக்கும்போது, நலிந்த ஆற்றின் மீனும் அதே வலையில் சிக்குகிறது. மீனைக் கண்ணால் பார்த்து ஆற்றின் பெயர் சொல்ல முடியாது. துடுப்பின் ஓரத்தில் நகக்கண் அளவு வெட்டி எரிசாராயத்தில் போட்டு அனுப்பினால், அதன் டி.என்.ஏ. ஓரளவு சொல்லும்.

எப்படிச் சொல்கிறது? மீனின் டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கொத்து திக்கித் திக்கி வரும்: சிஏ சிஏ சிஏ என்று பத்து முறை, இருபது முறை. மைக்ரோசாட்டிலைட் என்பது இதுதான். செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது இந்தத் திக்கலில் அடிக்கடி சறுக்கும். ஒரு கொத்து கூடும், அல்லது குறையும். டி.என்.ஏ.வின் ஏனைய பகுதிகளில் எழுத்து மாறும் வேகத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமாக இங்கே நீளம் மாறுகிறது. ஒரே சிற்றினத்தின் இரு ஆற்றுக் கூட்டங்கள் சில நூறு தலைமுறைகளாகக் கலக்காமல் இருந்தாலே போதும். எந்த நீளம் எந்த ஆற்றில் எத்தனை பங்கு என்ற கணக்கு ஆற்றுக்கு ஆறு விலகத் தொடங்கிவிடும். இந்த விலகலுக்குச் சறுக்கல் மட்டும் காரணமில்லை. தலைமுறைதோறும் சில நீளங்கள் தற்செயலாகப் பெருகுவதும் சில தொலைவதும்தான் பெரிய பங்கு. சறுக்கல் அதற்கு வேண்டிய சரக்கைக் கொடுக்கிறது. ஓர் இடத்தின் வெவ்வேறு நீளங்களை அல்லீல்கள் என்கிறோம். ஒவ்வொரு மீனுக்கும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று.

திக்கலின் இருபுறமும் இருக்கும் டி.என்.ஏ. அவ்வளவு வேகமாக மாறுவதில்லை. அந்த இரு கரைகளிலும் சுமார் 20 எழுத்து நீளத்துக்குப் பொருந்தும்படி பிரைமர் என்ற சிறு துண்டுகளைச் செய்து பி.சி.ஆர். எந்திரத்தில் விட்டால், இடையிலுள்ள பகுதி மட்டும் கோடிக்கணக்கில் பெருகும். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் செய்த சோதனையும் இந்தப் பெருக்கல்தான். கரைகள் மெதுவாக மாறுகின்றன என்பதில்தான் இரவலின் சாத்தியமே இருக்கிறது. அண்ணன் தம்பியாகப் பிரிந்த இரு சிற்றினங்களில் கரைகள் இன்னும் ஒன்றாகவே இருந்தால், ஒன்றுக்குச் செய்த பிரைமர் மற்றதிலும் ஒட்டும்.

மைக்ரோசாட்டிலைட்டுகளை இவ்வாறு பெருக்கிப் படிக்கலாம் என்று 1989இல் தெரிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1991இல், ஷ்லோட்டரர், ஆமோஸ், டவுட்ஸ் மூவரும் ஒரு திமிங்கில வகைக்குச் செய்த குறிகள் பல்லுள்ள திமிங்கிலங்கள், பல்லில்லாத் திமிங்கிலங்கள் இரண்டிலும் வேலை செய்வதைக் காட்டினார்கள். அவை பிரிந்து மூன்று, மூன்றரைக் கோடி ஆண்டுகளாவது ஆகியிருக்கும். 1995இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆமைகளில் 30 கோடி ஆண்டு இடைவெளியைத் தாண்டும் கரைகளைக் கண்டார்கள். 1996இல் ரிக்கோவும் ஹியூவிட்டும் மீன்களில் 47 கோடி ஆண்டுகள் என்று தலைப்பிலேயே அறிவித்துவிட்டார்கள். இந்த மூன்றும் நீர்வாழ் உயிரிகள். பறவைகளிலோ தொலைவு கூடக் கூட வெற்றி சீராகச் சரிந்தது. மீன்காரர்களுக்கு உற்சாகம் பிறந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்த 47 கோடி என்பது பிரைமர் ஒட்டியதற்கான கணக்கு. ஒட்டிய இடத்தில் திக்கல் இன்னும் உயிரோடு இருக்கிறதா, நீளங்கள் பலவாக இருக்கின்றனவா என்பது தனிக் கேள்வி. கூட்டங்களைப் பிரித்தறிய வேண்டியவருக்கு இந்த இரண்டாம் கேள்விதான் முக்கியம்.

1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் ஒரு மீனுக்குப் புதிதாகக் குறி செய்வது மாதக்கணக்கான வேலை. டி.என்.ஏ.வை நறுக்கி, பாக்டீரியாவுக்குள் ஏற்றி வளர்த்து, ஆயிரக்கணக்கான பாக்டீரியாக் குடியிருப்புகளில் திக்கல் உள்ளவற்றைத் தேடிப் பொறுக்கி, எழுத்து வரிசையைப் படித்து, பிரைமர் வடிவமைத்து, அதில் பாதிக்கு மேல் உதவாமல் போய்... செலவும் கைத்திறனும் வேண்டும். எந்த மீனுக்கு இந்தச் செலவு செய்வார்கள்? விற்கும் மீனுக்கு. சாதாக் கெண்டைக்கு நெதர்லாந்தின் வாகனிங்கனில் செய்தார்கள். நாம் ஜிலேபி என்று வாங்கும் நைல் திலாப்பியாவுக்கு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பின்னால் வந்தன. பண்ணையில் வளராத, ஏலத்துக்கு வராத, ஒரே மலைத்தொடரின் ஆறுகளில் மட்டும் வாழும் மீனுக்கு யாரும் செய்யவில்லை. அழிவின் விளிம்பில் இருப்பது பெரும்பாலும் அந்த மீன்தான். கூட்டங்களைப் பற்றிய அவசரக் கேள்வி அதற்குத்தான் இருக்கிறது, குறிதான் இல்லை. எனவே திலாப்பியாவின் குறிகள் மலாவி, விக்டோரியா ஏரிகளின் நூற்றுக்கணக்கான சிக்லிட் உறவு மீன்களுக்குப் போயின. கெண்டைகளின் குறிகள் ஆசிய ஆறுகளெங்கும் போயின.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இது நடந்த விதத்தை எடுத்துக்கொள்ளலாம். லக்னோவில் தலைமையகம் கொண்ட தேசிய மீன் மரபுவளப் பணியகத்தின் கொச்சி மையத்தார், கேரள, கர்நாடக ஆறுகளில் மட்டும் வாழும் சில மீன்களை ஆராய்ந்தார்கள். ஒன்று, மலையாளத்தில் மஞ்ஞக்கூரி எனப்படும் மஞ்சள் கெளுத்தி. மீனச்சிலாறு, சாலக்குடியாறு, நேத்ராவதி மூன்றிலிருந்தும் அதன் மாதிரிகளை எடுத்தார்கள். இன்னொன்று, சிவந்த வாலுள்ள ஒரு கெண்டை. பெரியாறு, சாலக்குடியாறு, சாலியாறு மூன்றிலிருந்தும் அதை எடுத்தார்கள். இரண்டுமே உணவுக்கும் கண்ணாடித் தொட்டி வணிகத்துக்கும் பிடிபட்டுக் குறைந்துவந்தவை. குஞ்சு பொரிக்க வைத்து ஆற்றில் விடும் திட்டம் பேசப்பட்ட நேரம் அது. சாலக்குடித் தாய்மீனின் குஞ்சுகளை மீனச்சிலாற்றில் விடலாமா? மூன்று ஆற்றுக் கூட்டமும் ஒன்றுதான் என்றால் விடலாம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் பிரிந்தவை என்றால், விட்ட பிறகு அந்த வேறுபாட்டை மீட்க வழியே இல்லை.

இந்த மீன்களுக்கு அப்போது சொந்தக் குறி கிடையாது. கெண்டைக்கு மற்றக் கெண்டைகளிடமும் கெளுத்திக்கு மற்றக் கெளுத்திகளிடமும் கடன் வாங்கினார்கள். கெளுத்தி விஷயத்தில் யாரிடம் வாங்குவது என்பதே சிக்கல். மஞ்ஞக்கூரி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் வகைப்பாட்டியலாளர்களுக்குள் நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. ஒருவர் ஒரு குடும்பத்தில் வைப்பார், இன்னொருவர் அதற்கென்றே தனிக் குடும்பம் கேட்பார். கடன் நெருங்கிய சொந்தத்திடம்தான் நன்றாகச் செல்லும். நெருங்கிய சொந்தம் எது என்று தெரியாதபோது பலரிடம் கேட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கேட்டுப் பார்ப்பது என்றால் ஆய்வகத்தில் என்ன நடக்கும்? பி.சி.ஆரில் பிரைமர் டி.என்.ஏ.வில் ஒட்டும் வெப்பநிலையை மூல மீனுக்கு 58 பாகை என்று வைத்திருந்தால், உறவு மீனுக்கு 56, 54, 52 என்று இறக்கிக்கொண்டே வருவார்கள். வெப்பம் குறைந்தால் பிரைமர் கொஞ்சம் பொருந்தாத இடத்திலும் ஒட்டும். மக்னீசியம் கூட்டினாலும் அப்படியே. பெருகிய துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் ஜெல், 58இல் வெறுமையாக இருக்கும். 54இல் ஒரு மங்கலான கோடு. 50இல் நான்கைந்து கோடுகள், ஏணி மாதிரி. அவற்றில் எது நாம் தேடும் இடம், எது பிரைமர் வழிதவறிப்போய் ஒட்டிய இடம் என்று தெரியாது. நல்ல கோடு ஒன்று கிடைத்து, எட்டு மீன்களில் ஓட்டிப் பார்த்தால் எட்டிலும் ஒரே உயரம் என்றால் அந்தக் குறி பயனற்றது. எல்லாரும் ஒன்றுபோல் இருக்கும் இடத்தில் யாரையும் பிரித்தறிய முடியாது. உயரங்கள் வேறுபட்டாலும் வேலை முடியவில்லை. அந்தத் துண்டின் எழுத்து வரிசையைப் படித்து, உள்ளே சிஏ சிஏ என்ற திக்கல் இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். சில சமயம் கரைகள் இருக்கும், நடுவில் திக்கல் தேய்ந்துபோயிருக்கும். நீள வேறுபாடு கரையில் நேர்ந்த ஏதோ ஒரு விடுபாட்டால் வந்ததாகவும் இருக்கும். இந்தக் கடைசிப் படியைத் தாண்டிக் குதித்த ஆய்வுகள் நிறைய உண்டு.

இவ்வளவும் கடந்து தேறிய குறியும் இரண்டு விதமாக ஏமாற்றும்.

முதலாவது, தெரியாத அல்லீல். கடன் வாங்கிய மீனின் சில உயிர்களில் மட்டும் கரையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது, அதுவும் பிரைமரின் முனை ஒட்ட வேண்டிய இடத்தில், என்று வைத்துக்கொள்வோம். அந்த அல்லீல் பெருகாது, ஜெல்லில் தோன்றாது. கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அல்லீல்கள் இப்படி என்றால், இரண்டுமே தெரியாத அல்லீலாக வாய்த்து முழுக்க வெறுமையாக நிற்கும் மீன், நூற்றில் ஒன்றே ஒன்று. அதை மாதிரி கெட்டுப்போனது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் ஒன்று தெரிந்து ஒன்று தெரியாத மீன்கள் நூற்றில் 18. இந்தப் பதினெட்டும் ஒரே கோடு காட்டும். தாயிடமும் தந்தையிடமும் ஒரே நீளத்தை வாங்கிய மீன்களாகப் பதிவாகும். ஏட்டில் பார்த்தால் கூட்டத்தில் ஒரே நீளக்காரர்கள் எதிர்பார்ப்புக்கு மேல் மிகுந்திருப்பார்கள்.

இரு உண்மையான காரணங்களாலும் இதே மிகுதி வரும் என்பதுதான் வில்லங்கம். நெருங்கிய சொந்தத்துக்குள் இனப்பெருக்கம் நடந்தால் வரும். தனித்தனிக் கூட்டங்கள் இரண்டைத் தெரியாமல் ஒரே மாதிரியாகச் சேர்த்துவிட்டாலும் வரும். ஆய்வாளர் தேடிப் போவதே இந்த இரண்டையும்தான். பிரைமர் ஒட்டாத கோளாறு, அவர் தேடிய கண்டுபிடிப்பின் வேடத்தில் வந்து நிற்கிறது. மேலும், ஓர் ஆற்றில் தெரியாத அல்லீல் அதிகம், மற்றதில் குறைவு என்றால் ஆறுகளுக்கிடையிலான வேறுபாடு இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றும். சாப்யூய், எஸ்டூப் இருவரும் 2007இல் இந்த வீக்கத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். தப்பிக்க வழிகள் இல்லாமலில்லை. உண்மையான உள்ளினப்பெருக்கம் என்றால் எல்லாக் குறிகளிலும் மிகுதி தெரிய வேண்டும். ஒரே ஒரு குறி மட்டும் கோணினால் சந்தேகம் குறியின் மேல்தான். தாய், தந்தை, குஞ்சுகள் என்று ஒரு குடும்பத்தையே ஓட்டிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். கரையைப் படித்து அந்த மீனுக்கேற்ற பிரைமரைத் திருத்தி எழுதினால் நோயே தீர்ந்தது. ஆனால் இவற்றுக்கும் பணம் வேண்டும். பணம் இல்லாமல்தானே கடனே வாங்கினார்கள்.

இரண்டாவது ஏமாற்று நுட்பமானது; என் பார்வையில் அதிகக் கேடு செய்ததும் அதுதான். மூல மீனுக்குக் குறி செய்தவர் கிடைத்த திக்கல்களில் நீண்டதைப் பொறுக்கினார். நீண்டதுதான் அதிகம் சறுக்கும், அதிக அல்லீல்கள் தரும். அதாவது, மூல மீனில் தற்செயலாக நீண்டுபோன இடங்களே குறியாகின. உறவு மீனில் அதே இடம் சராசரியாகக் குறுகியே இருக்கும், அதனால் மாற்றமும் குறைவு. மனிதனுக்குச் செய்த குறிகள் சிம்பன்ஸியில் குட்டையாக இருக்கக் கண்டு, மனித மரபணுத் தொகுதியில் மைக்ரோசாட்டிலைட்டுகள் வேகமாக நீள்கின்றன என்று 1995இல் ஒரு சாரார் சொன்னார்கள். பொறுக்கியெடுத்த விதத்தின் விளைவு அது என்று எல்லெக்ரெனும் தோழர்களும் மறுத்தார்கள். 1997இல் மாட்டையும் செம்மறியையும் வைத்து இருவழிச் சோதனையும் செய்தார்கள். மாட்டுக்குச் செய்த குறிகள் மாட்டில் நீளம். செம்மறிக்குச் செய்தவை செம்மறியில் நீளம். வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

ஆனாலும் அருகிவரும் மீன்களைப் பற்றிய ஆய்வுகளில் இந்த வாதம் ஓயாமல் தலைகாட்டும்: பண்ணைக் கெண்டையில் இந்தக் குறிக்குப் பதினைந்து அல்லீல்கள், நம் காட்டாற்றுக் கெண்டையில் நான்குதான், ஆகவே காட்டாற்று மீன் மரபு வளம் இழந்துவிட்டது. அண்ணனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை தம்பிக்குத் தொளதொளவென்று இருப்பதைப் பார்த்துத் தம்பி நோஞ்சான் என்று முடிவுகட்டுவது போன்றது இது. தம்பி உண்மையிலேயே நோஞ்சானாகவும் இருக்கலாம். சட்டை அதற்குச் சாட்சி ஆகாது. இரவல் குறியை வைத்து ஒரு சிற்றினத்தின் மரபு வளத்தை இன்னொன்றோடு ஒப்பிடவே கூடாது. ஒரே சிற்றினத்தின் மூன்று ஆறுகளை ஒப்பிடலாம். குறியின் ஓரவஞ்சனை மூன்று ஆற்றுக்கும் ஒன்றுதான் என்பதால்.

அங்கும் ஒரு கண்ணி உண்டு. அல்லீல்கள் குறைவான குறிக்கு வேறுபாட்டைக் காணும் திறனும் குறைவு. இரண்டே நீளங்கள் உள்ள குறியில் இரு ஆறுகளும் ஒத்துத் தோன்றுவதற்கு நிறைய வாய்ப்பிருக்கிறது. ஆக, தெரியாத அல்லீல் இல்லாத வேறுபாட்டை உண்டாக்குகிறது. குட்டைத் திக்கல் இருக்கும் வேறுபாட்டை மறைக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று எண்ண வேண்டாம். எது எவ்வளவு இழுத்தது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது என்பதே உண்மை. பொரிப்பகத்துக்கு எந்தப் பிழை அதிக ஆபத்து என்று கேட்டால் இரண்டாவதைச் சொல்வேன். இல்லாத வேறுபாட்டை நம்பி இரு ஆற்று மீனையும் தனித்தனியே வளர்த்தால் தொட்டிகளும் கூலியும் கொஞ்சம் வீண். இருக்கும் வேறுபாட்டைக் காணாமல் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க ஆளில்லை. கொச்சி மையத்தார் மஞ்ஞக்கூரிக்கு மைக்ரோசாட்டிலைட்டை மட்டும் நம்பாமல், நொதிகளின் வேறுபாட்டைப் பார்க்கும் அல்லோசைம் முறையையும், சொந்தக் குறியே தேவைப்படாத ராப்டு முறையையும் சேர்த்தே ஓட்டினார்கள். தனித்தனியே ஒவ்வொன்றுக்கும் குறை உண்டு. ஆனால் குறைகள் ஒரே இடத்திலிருந்து வருபவை அல்ல. மூன்று ஆற்று மீன்களும் வேறுபட்டவை என்ற முடிவுக்கு அதனால்தான் எடை கூடுகிறது.

மீன்களுக்கே உரிய இன்னொரு தொல்லை, இரட்டிப்பு. சால்மன் குடும்பத்தின் மூதாதை ஒன்றில், எட்டு முதல் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன், முழு மரபணுத் தொகுதியும் இரட்டிப்பானது. அதன் மிச்சமாக இன்றும் சில குறிகள் ஒரே மீனில் இரண்டு இடங்களைப் பெருக்கி, இரண்டு கோடுகளுக்குப் பதில் நான்கு கோடுகள் காட்டும். எந்த இரண்டு எந்த இடத்தினது என்று பிரிக்க முடியாது. சாதாக் கெண்டைக்கும் இதே கதை: அதற்குக் குரோமோசோம்கள் 100, ரோகுவுக்கும் கட்லாவுக்கும் 50. சாதாக் கெண்டையின் குறியை ரோகுவுக்குக் கொண்டுவரும்போதும், ரோகுவின் குறியைச் சாதாக் கெண்டைக்குக் கொண்டுபோகும்போதும், ஒற்றையும் இரட்டையும் மாறிவரும் என்பதை எதிர்பார்த்தே செல்ல வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இரவல் வேறு வழியில்லாதபோது செய்யும் சமரசம் மட்டும்தான் என்ற எண்ணம் வரலாம். அப்படியில்லை. சில கேள்விகளுக்குப் பொதுக் குறி இருந்தே ஆக வேண்டும். வங்காளதேசப் பொரிப்பகங்களில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் ஒரே வளாகத்தில் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள். ஒன்றின் விந்து இன்னொன்றின் முட்டையில் சேர்வது அங்கே எளிது. சில வேளை தாய்மீன் பற்றாக்குறையால் தெரிந்தே சேர்ப்பதும் உண்டு. பிறக்கும் கலப்புக் குஞ்சு பார்வைக்கு ஏதோ ஒரு பெற்றோரை ஒத்திருக்கும், விற்றுவிடுவார்கள், அடுத்த தலைமுறையில் அதுவே தாய்மீன். 2005இல் வெளிவந்த ஒரு டேனிய, வங்காளதேசக் கூட்டாய்வு, இந்தியப் பெருங்கெண்டைகளுக்குள் கலப்பு பொரிப்பகங்களில் பரவலாக இருப்பதையும் இயற்கை நீரில் இல்லாததையும் மரபணுக் குறிகளால் காட்டியது. இப்படி ஒன்றைக் காட்ட, மூன்று மீனிலும் படிக்கக்கூடிய, ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு விடை தரும் குறி வேண்டும். இங்கே குறி யாருக்குச் சொந்தம் என்ற பேச்சே எழாது.

சினூக்குக்குத் திரும்பினால், 13 குறிகளைத் தேர்ந்த கூட்டமைப்பை அதிகம் வாட்டியது இரவல் சிக்கல் அன்று. அந்த ஐந்தும் ஆயிரக்கணக்கான மீன்களில் சோதித்துத் தேறியவை. தொல்லை அல்லீல்களின் பெயரில் வந்தது. ஒரே மீனின் ஒரே துண்டை ஓர் ஆய்வகத்தின் எந்திரம் 148 எழுத்து நீளம் என்னும். வேறு சாயம், வேறு எந்திரம் உள்ள ஆய்வகம் 150 என்னும். சாயலாக வரும் நிழல் கோடுகளில் எதைத் தலைக்கோடாக எடுப்பது என்பதில் கைக்குக் கை வேறுபாடு. அலாஸ்காவின் 148ம் ஓரிகனின் 150ம் ஒன்றா என்று தெரியாமல் தரவுகளைச் சேர்த்தால், ஆறுகளின் வேறுபாட்டுக்குப் பதில் ஆய்வகங்களின் வேறுபாடுதான் கிடைக்கும். ஒரே மீன் மாதிரிகளை எல்லாருக்கும் அனுப்பி, ஒவ்வோர் அல்லீலுக்கும் பொதுப்பெயர் வைத்து, பெயர் மறைத்த மாதிரிகளைக் கொடுத்துத் தேர்வும் நடத்தினார்கள். அப்படித்தான் 110 கூட்டங்களின் பொதுத் தரவுத்தளம் 2007இல் வெளியானது.

பிறகு காலம் மாறியது. நீளத்தை அளக்காமல் ஒற்றை எழுத்து மாற்றங்களை எண்ணும் ஸ்னிப் குறிகள் வந்தன; ஏ அல்லது ஜி, எந்த ஆய்வகத்திலும் ஒரே விடை. 2008இல் வந்த ராட் முறை, முன்பின் தெரியாத மீனிலும் ஒரே ஓட்டத்தில் ஆயிரக்கணக்கான குறிகளைத் தந்தது. இனிக் கடன் எதற்கு என்று தோன்றியது. ராட் முறையிலோ, டி.என்.ஏ.வை ஒரு நொதி குறிப்பிட்ட இடங்களில் வெட்டும்; அது வெட்ட வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அந்தத் துண்டு வராது. தெரியாத அல்லீல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. பண்ணை விலங்குகளுக்குச் செய்த ஸ்னிப் சில்லுகளை உறவு விலங்குகளில் போட்டுப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வொன்று, பிரிந்துபோன ஒவ்வொரு பத்து லட்சம் ஆண்டுக்கும் சுமார் 1.5 சதவீதக் குறிகள் படிக்க முடியாமல் போவதைக் கண்டது. அதைவிடச் செங்குத்தாகச் சரிந்தது, படிக்க முடிந்தவற்றில் வேறுபாடு காட்டுபவற்றின் பங்கு. ஒட்டுவது வேறு, வேறுபடுவது வேறு என்ற அதே பழைய கதை.

இப்போது கடன் வாங்குவது முழு மரபணுத் தொகுதியையே. நைல் திலாப்பியா, சாதாக் கெண்டை, வானவில் ட்ரவுட் மூன்றின் தொகுதிகளும் 2014இல் வந்தன. அட்லாண்டிக் சால்மன் 2016இல், ரோகு 2020இல். வரிசை பழையபடிதான்: சந்தை மீன்கள் முன்னே. சொந்தத் தொகுதி இல்லாத ஒரு காட்டாற்றுக் கெண்டையைப் படிப்பவர், அதன் டி.என்.ஏ.வைக் கோடிக்கணக்கான குறுந்துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் உறவுக் கெண்டையின் தொகுதி மேல் பொருத்திப் பார்க்கலாம். இத்தனை எழுத்துக்கு மேல் வேறுபட்டால் பொருந்தாது என்று மென்பொருளில் ஒரு வரம்பு இருக்கும். வரம்பு தாண்டிய துண்டுகள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். அப்படி முதலில் விழுபவை, அந்த மீன் தன் உறவிலிருந்து அதிகம் விலகிப்போன இடங்களின் துண்டுகள். எத்தனை துண்டுகள் விழுந்தன என்பதை மென்பொருள் ஒரு கோப்பில் எழுதியே வைக்கிறது. அந்த எண்ணை ஆற்றுவாரியாகப் பிரித்து வெளியிடும் ஆய்வுகள் சொற்பம்.